பூசணிப் பாத்தி மண்

"ஐயையோ, குட்டி மண்ணைத் தின்னுட்டா!"

அத்தை போட்ட கூச்சலில், அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடி வந்தாள்.

பக்கத்து வீட்டுப் பூசணிப் பாத்தியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. வாய், மோவாய், கை எல்லாம் கறுப்பு. விரலைச் சப்பிக்கொண்டே அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

அம்மா பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். அது பூசணியக்காவின் பாத்தி.

பூசணியக்கா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். தனியாக இருப்பவள். யாராவது வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், "மண்ணுல மருந்து வச்சிருக்கேன், தொட்டா செத்துடுவீங்க!" என்று உள்ளேயிருந்தே கத்துவாள்.

"வாயைக் கழுவு, முதல்ல வாயைக் கழுவு!" அத்தை குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்தக் கொலைகாரி வீட்டுப் பக்கம் விடாதேன்னு!"

கொஞ்ச நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. வாயோரம் எச்சில் நிற்காமல் ஒழுகியது. அப்புறம் துவைத்த துணி மாதிரி தோளில் துவண்டு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"விஷம் போயிருக்கு. எந்த மருந்துன்னு தெரியணும். மாத்தி ஊசி போட்டா அதுவே உயிருக்கு ஆபத்து. மண்ணுல என்ன இருந்தது?"

"இதோ வராளே, இவளைக் கேளுங்க!" என்றாள் அத்தை.

மூச்சு வாங்க உள்ளே வந்தாள் பூசணியக்கா. கையில் ஒரு தகர டப்பா. வாசலில் தெருக்காரர்கள் கூடி நின்றார்கள். ஒருவரும் அவளுக்கு வழி விடவில்லை. இடித்துக்கொண்டுதான் வந்தாள்.

"உன் அடுப்பை அணைச்சிட்டு, அந்த மண்ணையும் அள்ளிட்டு வந்தேம்மா. மருந்தெல்லாம் ஒண்ணும் கிடையாது. கரும்புப்பாகைத் தண்ணில கரைச்சு ஊத்துவேன். முட்டை ஓடு, காப்பிச் சக்கை, வாழைப்பழத் தோல், புளிச்ச மோர்... எல்லாம் அடுப்படியில மிஞ்சுறதுதான். மண்ணுக்குச் சத்து."

"அப்ப மருந்து வச்சிருக்கேன்னு தினம் கத்துவியே?" என்று மடக்கினாள் அத்தை.

"பிஞ்சைக் கிள்ளிடுவாங்கன்னு சும்மா சொல்றதுதான்."

"சும்மாவா? பாகைத் தின்னா பச்சப்புள்ள இப்படித் துவளுமா? ஒரு பூசணிக்காய்க்கு எங்க குட்டியைக் காவு குடுத்துட்டியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

வாசலில் யாரோ, "போலீசைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

அம்மா சட்டென்று பூசணியக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீசெல்லாம் வேண்டாங்க்கா. உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மருந்து பேரை மட்டும் சொல்லிடுங்க. என் குட்டி கண்ணே திறக்க மாட்டேங்குதுக்கா."

பூசணியக்கா டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

பாகு ஒட்டிய மண்ணில் ஏகப்பட்ட எறும்புகள். ஒன்றுகூட அசையவில்லை.

நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"யாரும் நம்ப மாட்டீங்கல்ல? இதோ, எல்லார் முன்னாடியும் நானே தின்னு காட்டுறேன்."

ஒரு கை மண்ணை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்!"

யாரோ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மண் தரையெல்லாம் சிதறியது.

அத்தை.

"திங்காதே... அதுல விஷம் இருக்கு. உன் பாகுக்கு வந்த எறும்பு எங்க அடுப்படி வரைக்கும் ஏறிடுச்சு. சொன்னா நீ சண்டைக்கு வருவேன்னு... நேத்து சாயங்காலம் வேலி வழியா நான்தான் எறும்புப் பொடியைத் தூவினேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பொடி? பேரைச் சொல்லுங்க, சீக்கிரம்!" என்றார் டாக்டரம்மா.

அத்தை சொன்னாள். கேட்டதும் டாக்டரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கதவு மூடியே இருந்தது. அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

"இனி பயமில்லை" என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொன்னாள். அத்தை சுவரோரம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா பூசணியக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி மட்டும் கையைப் பிடிக்கலைன்னா, ஒண்ணும் தெரியாம நீங்களும் தின்னிருப்பீங்களேக்கா."

"தெரியும்மா. பாகுல எறும்பு மொய்க்கும், சாகாது. டப்பாவுல அத்தனையும் செத்துக் கிடந்தது."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெரிஞ்சேவா வாய்க்குக் கொண்டுபோனீங்க? அப்ப, அண்ணிதான்னு முன்னாடியே தெரியுமா?"

பூசணியக்கா கையில் ஒட்டியிருந்த மண்ணை டப்பாவுக்குள் தட்டி மூடியை அழுத்தினாள்.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா, பயத்துல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா, யாரா இருந்தாலும் என் கையைப் பிடிச்சுடுவாங்கன்னு தெரியும்."