அணைந்த மானிட்டர்

அன்றுதான் வேலையில் சேர்ந்த புது மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார். மூலை மேசைப் பெண்ணின் மானிட்டர் மட்டும் விடியவே இல்லை. காதில் ஹெட்போன் வேறு. பொறுக்காமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்னம்மா, மானிட்டரைத் தூங்க வெச்சிட்டுப் பாட்டு கேக்குறீங்களா?"

அவள் பதறி ஹெட்போனைக் கழற்றினாள். "வேலைதான் சார் பாக்குறேன். கரண்ட் மிச்சமாகட்டும்னு ஸ்க்ரீனை அணைச்சிருக்கேன்."

"எனக்கே காதுல பூ சுத்துறீங்களா? போடுங்க அதை!"

பட்டனை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின.

"ஸ்க்ரீனைக் கவுத்து வெச்சுக்கிட்டு வேலையா? சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

"தலைகீழாவா இருக்கு?" அவர் நிற்காத பக்கம் பார்த்துக் கேட்டாள். "எத்தனை நாளாவோ! யாருமே சொல்லலையே சார்."

கழற்றிய ஹெட்போன் திரையில் இருந்ததை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தது. அவள் கை மேசைக்கடியில் வெள்ளைக் கோலைத் தேடியது.