தணிகாசலத்தின் இடது கை

வெள்ளம் வடிந்த ஐந்தாவது மாதம் தணிகாசலம் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. உடன் கற்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். துக்கத்திலிருந்து ஒரு மனிதர் இப்படி எழுந்து வருவது சாதாரண விஷயமா என்று அலுவலகத்தில் அவருக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

ஒரே ஒரு குறை. அவர் வலது கையால் மட்டுமே நீந்தினார். இடது கை எதையோ இறுகப் பிடித்ததுபோல மூடியபடி பின்னால் நீண்டிருக்கும். அதனால் நேராகப் போகாமல் வட்டமடித்தார்.

"சார், செக்கு மாடு மாதிரி சுத்துறீங்களே! அந்தக் கையையும் போடுங்க!" என்று பயிற்சியாளர் இமானுவேல் தினமும் கத்துவார்.

"அதுல ஆள் இருக்கு தம்பி," என்பார் தணிகாசலம். அன்றைய வெள்ளத்தில் மனைவி குமுதவல்லி நழுவிப்போனது அந்தக் கையிலிருந்துதான். இமானுவேலுக்கும் அது தெரியும். ஆனால் சம்பளம் வாங்குகிறாரே, கத்தித்தானே ஆக வேண்டும்.

இன்று பாதித் தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. இரண்டு வாய் தண்ணீர் குடித்த பதற்றத்தில் தணிகாசலம் இடது கையை விரித்து வீசினார். நேராகப் போய்ச் சுவரைத் தொட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அவ்ளோதான் சார்! இனிமே உங்களுக்குப் பயமே இல்ல!" என்றார் இமானுவேல்.

தணிகாசலம் தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, சற்றுமுன் கை விரித்து அவளை விட்ட பாதித் தூரம்வரை இரண்டு கைகளாலும் அழகாக நீந்திப் போனார். மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே மூழ்கினார்.

பிள்ளைகள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.