கைக்கு ஒன்றும் ஆகாது

எட்டாவது கையிலும் டேப் ஒட்டியது.

ஷெல்பி அதைப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்காவது கையிலேயே அது தூசும் முடியுமாகக் கழன்று விழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் பாடம்.

பாடம் எளிமையானது. டேப் என்றால் பெண். கை என்றால் பையன். பல கைகளில் ஒட்டிப் பிரித்த டேப் கடைசியில் எதிலும் ஒட்டாது. ஆகவே பிள்ளைகளே, கல்யாணம் வரை காத்திருங்கள்.

கை என்ன ஆகும் என்று பாடத்தில் இல்லை. கைக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது.

இந்தப் பேருண்மையை ஏழாம் வகுப்புக்கு எடுத்துச் சொல்ல, டெக்சாஸின் அந்தச் சின்ன ஊரில், பதினேழு வயதுக்காரர்களை அனுப்புவது வழக்கம். பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களாம். இந்த வருடம் ஷெல்பியும் கோல்டனும். இருவருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. முதுகில் 'நான் காத்திருக்கிறேன்' என்று கொட்டை எழுத்து. பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருந்தது.

டேப் குப்பைத் தொட்டிக்குள் விழுந்ததும் கோல்டன் உறுதிமொழி அட்டைகளை நீட்ட வேண்டும். அவன் அட்டைகளோடு தயாராக நின்றான். டேப்தான் விழுகிற வழியாக இல்லை.

பின் வரிசையில் மிஸஸ் டெரல் உட்கார்ந்திருந்தார். இந்த வகுப்புகளை நடத்துபவர். ஊர்த் தேவாலயச் சபையில் பெண்கள் குழுவுக்கும் அவரே தலைவி. நல்ல கடிதம் எழுத அந்த ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. ஷெல்பிக்குக் கல்லூரியில் இலவசமாக இடம் கொடுக்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். வகுப்பு நல்லபடியாக முடிந்தால் கையெழுத்து. இல்லையென்றால் ஷெல்பிக்குக் கோழி வறுக்கும் கடைதான்.

நேற்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அது செல்லோ டேப். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். ராய்ஸும் நீட்டினார். ராய்ஸ் அம்மாவின் கணவர், ஏசி குழாய் பொருத்துகிறவர், ஷெல்பியின் ஆறு வயதில் வந்து சேர்ந்தவர். நான்காவது கையில் டேப் சுருண்டு விழுந்தது.

"இனிமே இதை யாரு எடுப்பாங்க?" என்று நீட்டி முழக்கிக் கேட்டு ஷெல்பி அதைக் குப்பையில் போட்டாள்.

அம்மா கைதட்டினாள். தேவைக்கு மேலேயே தட்டினாள்.

காலையில், "செல்லோ டேப் தீந்துபோச்சுடி" என்று சொல்லி, ராய்ஸின் வண்டியிலிருந்து இந்த வெள்ளி நிற டேப்பை எடுத்துப் பையில் போட்டதும் அம்மாதான். ஏசி குழாயைச் சுற்றி ஒட்டுகிற டேப். டெக்சாஸ் வெயிலே அதனிடம் தோற்றுப்போகும்.

ஒன்பதாவது கை மேசியுடையது. பல்லுக்குக் கம்பி போட்ட பெண். பிய்த்த வேகத்தில் ஆவென்று கத்திவிட்டு, கையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இது இன்னும் சூப்பரா ஒட்டுதே! அப்ப எத்தனை கை பட்டாலும் ஒண்ணும் ஆகாதா?"

கோல்டன் அட்டைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அதைக் குப்பையில போடும்மா," என்றார் மிஸஸ் டெரல், தேன் குழைத்த குரலில்.

ஷெல்பி குப்பைத் தொட்டி வரை போனாள். கையை உதறினாள். டேப் விரலை விடவில்லை. இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

மிஸஸ் டெரல் எழுந்தே வந்துவிட்டார்.

"யாரு குடுத்த டேப்பு இது?"

தவறுதலாக எடுத்து வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், கையெழுத்து விழுந்துவிடும். ஷெல்பி வாயையும் திறந்துவிட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் பால் எடுத்தபோது ஃபிரிட்ஜ் மேல் செல்லோ டேப் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது.

"எங்கம்மா குடுத்தாங்க மிஸ். தெரிஞ்சுதான் குடுத்தாங்க."

மிஸஸ் டெரல் திறந்திருந்த கைப்பையை மூடினார்.

ஷெல்பிக்கு அழுகை முட்டியது. கடிதம் போனதற்காக இல்லை. நேற்று அம்மாவின் கையிலேயே செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்ததை நினைத்துத்தான்.

அம்மாவை மிஸஸ் டெரலுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாறு வயதில், ஷெல்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா சபை முன்னால் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பையனை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

அன்று வாசிக்க வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தவர் மிஸஸ் டெரல். அந்தத் தாள் இன்னும் அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது. ஷெல்பி படித்திருக்கிறாள்.

நல்ல கடிதம். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.