சிவப்புப் புள்ளிகள்

“மறுபடியும் சிவப்பு! உன் சம்சாரம் ஒட்டின லட்சணம் இதுதானாய்யா?”

மேலாளர் திரையைக் காட்டிக் கத்தினார். சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தவன் திரையைப் பார்த்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டில் திடீரென்று மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு பழையபடி பச்சை.

சோதனைக்கு வைத்த கம்ப்யூட்டர் பக்கத்துச் சூட்டு அறையில், தடித்த இரும்புக் கதவுக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குத் தகவல் போவது செம்புக் கம்பியில் அல்ல, வெளிச்சத்தில். அந்த வெளிச்சம் போகிற கண்ணாடி இழை தலைமுடியைவிட மெல்லியது. அதை இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டியவள் அவன் மனைவி. அவளுக்கும் இதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை.

மதியம் முதலாளிகள் பார்க்க வருகிறார்கள். கோடு பச்சையாக இருந்தால் எல்லோரும் பிழைத்தார்கள். சிவப்பு வந்தால் திட்டத்துக்கு மூடுவிழா, ஒட்டியவளுக்குச் சீட்டு கிழியும்.

“எங்கய்யா அவங்க?”

“ஃபோனை எடுக்க மாட்டேங்குறா சார். காலையில வீட்ல கொஞ்சம் சண்டை.”

பெரிய சண்டை ஒன்றுமில்லை. குளியலறைக்குள் ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். அவள் வெளியே நின்று டக் டக் டக், டக் டக் டக் என்று மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். இவன் காதில் விழாத மாதிரியே இருந்தான். வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். நேரே வேலைக்கு வந்தான், சூட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது, சோதனையை ஆரம்பித்துவிட்டான்.

“சண்டை போட நல்ல நாள் பார்த்தீங்க! சரி, இழை எங்கயாவது மடங்கியிருக்குமா?”

“மடங்கினா வெளிச்சம் கசியும், சிவப்பு வரும். ஆனா மடங்கினது மடங்கினபடிதானே சார் இருக்கும்? இது வருது, போகுது.”

“அப்போ பசைதான். சூட்டுல இளகுது. இன்னும் கொஞ்சம் சூட்டை ஏத்து.”

“ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துடலாமே சார்?”

“திறந்தா சூடு இறங்கிடும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஏத்துய்யா! பசை மொத்தமா விட்டுப்போச்சுன்னா அவங்க மேல பழியைப் போட்டுட்டு நாம தப்பிச்சுக்கலாம்.”

ஏற்றினால் மனைவிக்கு வேலை இல்லை, ஏற்றாவிட்டால் தனக்கு இல்லை. பொறியில் மாட்டிய எலி மாதிரி விழித்தான். வேறு வழி தெரியாமல் சூட்டுப் பொத்தானில் விரலை வைத்தான்.

மூன்று சிவப்பு. பச்சை. மூன்று சிவப்பு. பச்சை.

“சார், பசை இளகினா இப்படி எண்ணி எண்ணியா இளகும்?”

“ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் வெச்சுக்கோ. அழுத்து!”

மறுபடியும் மூன்று. இந்தத் தடவை இடைவெளி குறைந்திருந்தது. ரொம்ப அவசரம். ரொம்பக் கோபம். அந்தக் கோபம் அவனுக்கு நன்றாகப் பழக்கமானது.

“ஐயையோ!”

நாற்காலி பின்னால் சாய, எழுந்து ஓடினான். “யோவ், திறக்காதே!” என்று மேலாளர் பின்னாலேயே ஓடி வந்தார். அவர்கள் விட்டுப் போன அறையில், திரையில் கோடு இன்னும் சிவந்து சிவந்து மறைந்தது.

இரும்புக் கதவை இரண்டு கையாலும் இழுத்தான். அனல் முகத்தில் அடித்தது. கழன்று கீழே கிடந்த கதவின் உள்பக்கக் கைப்பிடி அவன் காலில் இடறியது.

உள்ளேயிருந்து, வறண்டுபோன தொண்டையில் ஒரு குரல் வந்தது:

“ஒட்டினதைப் பார்க்க உள்ள வந்தேன், கைப்பிடி கையோட வந்துருச்சு. இழையை மடக்கி மடக்கி விரலே போச்சுங்க. வீட்லதான் தட்டினா திறக்க மாட்டீங்க, இங்கயுமா?”