பத்து நிமிஷ ஜெபம்

புளோராவின் மார்பிலிருந்த கட்டியை எடுக்க அன்றுதான் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்திருந்தது. பத்து மணிக்குள் வராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்குப் போதகர் குணசிங் எட்டுப் பேரோடும் ஒரு மைக்கோடும் வீட்டில் வந்து இறங்கினார். பத்தடி அறைக்கு மைக் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. “பத்தே நிமிஷம் சிஸ்டர், உங்களைத் திடப்படுத்த ஒரு ஜெபம்” என்று அவள் தலையில் கையை வைத்துக் கண்களை மூடினார். ஜெபம் ஆதாமிலிருந்து கிளம்பியது. நோவா மிருகங்களைப் பேழையில் ஏற்றி முடிக்கவே ஒன்பதரை ஆனது. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. இவர் செங்கடலைத் தாண்டித் தன் கட்டிக்கு வந்து சேர மத்தியானமாகிவிடும் என்று புளோராவுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்தில் முழங்காலில் நின்ற கணவர் ராஜமணி தேம்பிக்கொண்டிருந்தார். அவளைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். அவள் போதகரின் கையை மெதுவாகத் தூக்கிக் கணவரின் தலையில் வைத்தாள். போதகர் குரலை அரைக்கட்டை ஏற்றினாரே தவிர, கண்ணைத் திறக்கவில்லை.

“அப்போ நீ?” என்று கிசுகிசுத்தார் ராஜமணி.

“முடிஞ்சதும் பைக்ல வாங்க.”

ஆட்டோவில் ஏறிப் பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். “அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு அங்கேயே நிக்காதேயும் ஆண்டவரே, ஏறும்” என்று முணுமுணுத்து, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னும் ஆள் வரணுமாம்மா?”

“வந்தாச்சு. எடுங்க.”