கோடு விழாத கார்

“அந்த லைட்டை மாட்டாதீங்க சார்.”

பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. காரைப் பின்பக்கமாகவே ஏற்றி அதில்தான் நிறுத்துவேன். அவர் தன் வீட்டு மூலையில் ஒரு தூணை எழுப்பி, சந்தில் நாலு விரல் இடத்தை விழுங்கினார். அன்றோடு பேச்சு நின்றது.

“ஏன், உங்க வீட்டு கரண்ட்லயா எரியப் போகுது?” என்றேன்.

“கண்ணு கூசும். பக்கத்துல மனுஷங்க குடியிருக்கோம்ல.”

காருக்கு அடியில் படுத்திருந்த எலக்ட்ரீஷியன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். “மாட்டவா, வேண்டாமா?”

“மாட்டுப்பா. ரெண்டு. இருக்கிறதுலயே பெருசா.”

பக்கத்து வீட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

“வயித்தெரிச்சல்” என்று எலக்ட்ரீஷியனுக்கு விளக்கினேன். “நான் ரிவர்ஸ் எடுக்கிறதைப் பார்த்தா யாருக்குமே வரும். ஒரு தடவை ஏழு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே போனேன். எதிர்ல வந்த பஸ் டிரைவர், தான்தான் தப்பா வந்துட்டோம்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.”

“சரிங்க.”

“முப்பத்தொரு வருஷம். ஒரே கார். ஒரு கோடு விழுந்ததில்லை. இந்தத் தூண் மேல பட்டாக்கூட, தலையணையில சாஞ்ச மாதிரிதான் இருக்கும். கை அப்படி.”

எலக்ட்ரீஷியன் பஸ்ஸையும் நம்பவில்லை, தலையணையையும் நம்பவில்லை. “பழைய ரிவர்ஸ் லைட் வயர்ல நேரா கொடுத்தா வயர் உருகிடும். ரிலேன்னு ஒரு சுவிட்ச் வச்சு, பேட்டரியில இருந்து தனியா கரண்ட் எடுத்துடறேன். ரிவர்ஸ் கியர் போட்டா எரியும், எடுத்தா அணையும். அவ்வளவுதான்” என்றார்.

லைட்டுக்குக் காரணம் என் மகள். “அப்பா, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. சாவியைக் கொடுத்துடுங்க” என்று ஊரிலிருந்து வந்த நாள் முதல் நச்சரிப்பு. கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. பொழுது சாய்ந்ததும் அவள் எதிரே காரைச் சந்துக்குள் ஏற்ற வேண்டும். ஒரு கோடு விழுந்தால் சாவி அவளுக்கு.

சாவி போனால் நானும் இந்த வீட்டில் இன்னொரு நாற்காலி. அதனால்தான் இரண்டு லைட்.

ஏழு மணி. தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். மகள் கையைக் கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் நின்றாள். மனைவி வாசலுக்கும் சந்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, இதைக் காலையில வச்சுக்கக் கூடாதா?”

“காலையில செஞ்சா, சூரியன் உதவி பண்ணிடுச்சும்பா உன் பொண்ணு.”

ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

சந்து பட்டப்பகலானது. கண்ணாடியில் பார்த்தேன்.

உடனே கியரை எடுத்துவிட்டேன். இருட்டு.

“என்னப்பா ஆச்சு?”

இன்ஜினை அணைத்தேன். இறங்கி வந்து, மகளின் கையைப் பிரித்துச் சாவியை வைத்தேன்.

“இன்னும் ஏத்தவே இல்லையேப்பா. லைட் எரியலையா?”

“நல்லா எரியுதும்மா. இந்த லைட்டை எப்பவோ மாட்டியிருக்கணும்.”

மனைவி பக்கம் திரும்பினேன். “ஏம்மா, நம்ம வீட்டுப் பழைய மெத்தையை என்ன பண்ணினே?”

“அதுவா? அது... பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேனே. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்படியா? பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூண்ல சாத்தி, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அவருக்குக் கை வலிக்கும். வரச் சொல்லு.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “அவரேதான் வந்து மெத்தை கேட்டார். ‘கார் சத்தம் கேட்டா நான் பார்த்துக்கறேன். சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு விட்டுடுவார்’னார்.”

சந்திலிருந்து மெத்தை முன்னால் வந்தது. அதன் பின்னால் அவர் வந்தார், முகத்தைக் காட்டாமல்.

மகள் காரைச் சுற்றி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். “நிஜமாவே ஒரு கோடு கூட இல்லைப்பா.”

“நான்தான் சொன்னேனே” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். “முப்பத்தொரு வருஷம். அதுல இருபத்தொன்பது நான் ஓட்டினது. கடைசி ரெண்டு, இந்த சார் ஓட்டினது.”