நாக்கில் உறைத்த கரண்ட்

சமஸ்தானக் காலத்து வண்டி. ஹாரன் அடித்தது, முன்விளக்கு எரிந்தது. டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் எரியவில்லை. திருச்சியில் இரண்டு மெக்கானிக்குகள் கைவிட்டார்கள். இன்றைக்குச் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அதோடு டிரைவர் உடையப்பனின் வேலையும் போகும்.

வழியில் யாரோ கைகாட்டிய விராலிமலை ஷெட்டுக்கு வண்டியை விட்டான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் சோலையப்பன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டார்.

“டெஸ்ட் பல்பு வச்சுப் பாக்கலையா?”

“அது எனக்கு ஒதவாதுங்க.”

என்ன திமிர் என்று நினைத்தான் உடையப்பன்.

சோலையப்பன் ஒவ்வொரு ஒயராக விரலால் நீவிக்கொண்டே போய், நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஆறு வோல்ட்டுதாங்க, ஒண்ணும் பண்ணாது. கரண்ட் இருந்தா சுருக்குன்னு ஒறைக்கும். இதுல ஒறைக்கலை.”

அந்த ஒயர் துணிச் சுற்றுக்குள்ளேயே அறுந்திருந்தது. முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார்.

“சுவிட்சைப் போடுங்க.”

இருட்டு ஷெட்டில் நான்கு மீட்டர்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. மஞ்சள் வெளிச்சம் சோலையப்பனின் முகம் முழுக்க விழுந்தது. அதற்கு நேராக, கண் இமைக்காமல் அவர் கேட்டார்:

“எரியுதுங்களா?”

உடையப்பனின் கைகள் தாமாகக் குவிந்தன. அதையும் அவர் பார்க்கப் போவதில்லை என்று புரிந்ததும் வாய்விட்டுச் சொன்னான்:

“எரியுதுங்கய்யா!”